களத்து வெயிலும் கனடா விளக்கும்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு 49 வயது. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணவர் ரைட்டராக இருக்கிறார். பரமக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மலைக்கு வந்து 26 வருடம் ஆகிறது. நாலு வருடமாக ஐப்பசி பிறந்தாலே எனக்கு எதுவும் ஓடுவதில்லை. கை காலில் கல்லைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. முன்பெல்லாம் 5 மணிக்கு எழுந்து கோலம் போடுவேன். இப்போது பத்து மணி நேரம் தூங்கியும் 8 மணிக்கு எழ மனசில்லை. சோறும் போண்டாவும் இனிப்புமாகத் தேடித் தேடித் தின்று, போன வருடம் மட்டும் 5 கிலோ ஏறிவிட்டது. யாரிடமும் பேசப் பிடிப்பதில்லை. பொங்கல் தாண்டி மாசி வந்தால் தானாகச் சரியாகிவிடுகிறது. கணவர் "குளிருக்கு எல்லாருக்கும் அப்படித்தான்" என்கிறார். மாமியார் சோம்பேறித்தனம் என்கிறார். நாலு வருடத்துக்கு முன்பு டொரண்டோவுக்குப் படிக்கப் போய் அங்கேயே வேலையில் இருக்கும் மகன், "அங்கே குளிர்காலத்தில் இது சகஜம், வெளிச்சப் பெட்டி முன்னால் தினம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும், என்னிடம் இருப்பதையே லீவில் வரும்போது கொண்டுவந்து தருகிறேன்" என்கிறான். நம் ஊரில் இப்படி ஒரு வியாதி வருமா? விளக்கைப் போட்டு உட்கார்ந்தால் மனசு சரியாகுமா, கண் கெட்டுவிடாதா? சில நாள், எழுந்திருக்காமலே இருந்துவிட்டால் தேவலை என்று தோன்றுகிறது.
— ஏற்காடு வாசகி

பதில்: உங்கள் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன் அம்மா. எழுந்திருக்காமலே இருந்துவிட்டால் தேவலை என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. இன்னும் கொஞ்ச நேரம் போர்வைக்குள் கிடக்கலாம் என்பது ஒன்று. உயிரோடு இருந்து என்ன ஆகப்போகிறது என்பது இன்னொன்று. இரண்டாவது எண்ணம் ஓரமாக ஒருமுறை வந்து போயிருந்தாலும், விளக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்று அரசாங்கம் நடத்தும் மனநல உதவி எண். காசு கிடையாது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அன்றைக்கே கணவரைக் கூட்டிக்கொண்டு கீழே சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். எஸ்டேட்டில் பூச்சிமருந்து வைத்திருக்கும் அறையின் சாவி உங்கள் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தால், அதைக் கணவர் தன்னோடு வைத்துக்கொள்ளட்டும். ஏன் என்று கேட்டால் டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள்.

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

இது சோம்பேறித்தனம் இல்லை. சோம்பேறிக்கு மாசி பிறந்ததும் சுறுசுறுப்பு வராது. வழக்கமான மனச்சோர்வில் தூக்கம் கெடும், சோறு இறங்காது, ஆள் இளைப்பார். உங்களுக்கோ எல்லாம் தலைகீழாக இருக்கிறது. தூக்கம் கூடுகிறது, மாவுப் பண்டத்துக்கும் இனிப்புக்கும் நாக்கு அலைகிறது, உடம்பு கனக்கிறது. 1984-ல் அமெரிக்காவில் நார்மன் ரோசன்தால் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் 29 பேரைப் பார்த்து எழுதிய கட்டுரையில் இந்தப் படம்தான் இருந்தது. ரோசன்தால் தென்னாப்பிரிக்காவில் பிறந்து வளர்ந்தவர். அமெரிக்காவின் வடகிழக்கே குடியேறிய பிறகு, குளிர்காலத்தில் தன் சுறுசுறுப்பே குறைவதைக் கவனித்தவர். அவர்கள் வைத்த பெயரைத்தான் இன்று தமிழில் பருவகால மனச்சோர்வு என்கிறோம். செயற்கை வெளிச்சத்தால் அதைச் சரிசெய்யப் பார்த்த ஆரம்ப முயற்சியும் அதே கட்டுரையில் இருக்கிறது.

நம் ஊரில் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். டிசம்பர் கடைசியில் டொரண்டோவில் பகல் 9 மணி நேரம்கூடக் கிடையாது. உங்கள் மகன் இருட்டில் வேலைக்குக் கிளம்பி, இருட்டில் வீடு திரும்புவான். அதே நாளில் ஏற்காட்டில் பகல் கிட்டத்தட்ட பதினொன்றரை மணி நேரம். நமக்கு ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்கூட வராது. அதனால் அந்த ஊர்க் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது. சேலத்தில் உட்கார்ந்து பார்க்கும் எனக்கு, பருவத்தோடு வரும் தொல்லை என்றால் சித்திரை வைகாசியில் வருபவர்கள்தான் அதிகம். வெக்கையில் தூக்கம் இல்லாமல், சாப்பாடு பிடிக்காமல், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்துகொண்டு வருவார்கள். கோடையில் வரும் அந்த வகையும் மருத்துவத்தில் பதிவானதுதான். குளிர்கால வகையை நான் பார்ப்பது அபூர்வம்.

ஆனால் நீங்கள் இருப்பது சேலத்தில் இல்லையே.

போன கார்த்திகையில் நண்பர் ஒருவரின் எஸ்டேட்டில் இரண்டு நாள் தங்கினேன். ஒண்டிக்கடை தாண்டியதுமே எதிரில் வரும் பஸ் தெரியாத அளவுக்கு மூட்டம். காலை எட்டு மணிக்கு, வெளிச்சத்தை அளக்கும் செயலி ஒன்றைப் போனில் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன். (கூட இருந்தவர்கள் டாக்டருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள்.) வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். குளிருக்காக ஜன்னல் சாத்தி, டியூப்லைட் எரிந்துகொண்டிருந்த சமையலறையில் 70. ஓடு இறக்கிய முன் வராந்தாவில் 1,200. அப்புறம் வெளியே நடந்து காப்பி காயப்போடும் களத்துக்குப் போனேன். களத்தின் மறுகோடியில் நிற்கும் சில்வர் ஓக் மரம் கண்ணுக்கே தெரியவில்லை; வானம் சாம்பல் பூசினாற்போல இருந்தது. போன் 6,000 காட்டியது. ஒன்பதரைக்கு மூட்டம் கொஞ்சம் கலைந்தபோது 20,000-ஐத் தாண்டிவிட்டது. போன் கணக்கு துல்லியமாக இருக்காதுதான். அதற்காக 70-ஐயும் 6,000-ஐயும் மாற்றிச் சொல்லிவிடாது.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. நம் கண் நொடியில் சமாளித்துக்கொள்வதால், சமையலறையும் நமக்கு வெளிச்சமாகத்தான் தெரியும். ஆனால் கண்ணுக்குள்ளே, பார்வைக்கான செல்களைத் தவிர, வெளிச்சம் எவ்வளவு என்பதை மட்டும் மூளைக்குச் சொல்லும் செல்கள் தனியாக உண்டு. மூளையின் அடிப்பகுதியில் நம் உடம்பின் கடிகாரம் இருக்கிறது. இந்தச் செல்கள் அனுப்பும் செய்தியை வைத்துத்தான் அது விடிந்துவிட்டது என்று தெரிந்துகொள்கிறது. தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பை நிறுத்துகிறது. 70 லக்ஸ் அந்தக் கடிகாரத்துக்கு அநேகமாக ராத்திரிதான். எஸ்டேட் வீடுகள் பெரும்பாலும் மரத்தடியில், சரிவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கின்றன. காப்பிச் செடிக்கு நிழல் வேண்டும், அதனால் ஓக் மரத்தை வளர்க்கிறோம். அந்த நிழல் வீட்டுக் கூரையிலும் விழுகிறது. எஸ்டேட்டிலேயே நிழல் ஆகாது என்று மரத்தை ஒதுக்கிய இடம் களம் ஒன்றுதான். காப்பி காய வேண்டுமே.

மார்கழிக் கோலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விடிகாலையில் எழுந்து கோலம் போட்டால் எல்லாம் சரியாகும், பெரியவர்கள் காரணத்தோடுதான் வைத்தார்கள் என்று யாராவது சொல்வார்கள். எனக்கும் கோலம் பிடிக்கும். ஆனால் மார்கழியில் சூரியன் வருவது ஆறரைக்கு. 5 மணிக்குக் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தால், வெளிச்சம் வரும் நேரத்தில் நீங்கள் அடுப்படியில் இருப்பீர்கள்.

இதுவரை சொன்னதை வைத்து, மூட்டமும் இருட்டு வீடும்தான் காரணம் என்று நான் முடித்திருப்பேன். உங்கள் கடிதத்தில் உள்ள இரண்டு எண்கள் அதைத் தடுக்கின்றன. மலைக்கு வந்து 26 வருடம். தொல்லை நாலு வருடமாக. அப்படியென்றால் 22 ஐப்பசியும் கார்த்திகையும் இதே மூட்டத்தில், இதே வீட்டில் உங்களை ஒன்றும் செய்யாமல் போயிருக்கின்றன. மகன் போய் எத்தனை வருடம் என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஐப்பசி என்றால் தீபாவளி. பலகாரம் சுடும்போது கேட்டுக் கேட்டு எடுத்துத் தின்னும் ஆள் இல்லை. பிறகு பழம் பறிப்பு தொடங்கிவிடும். தை மாசி வரைக்கும் கணவர் ஆள் கணக்கு, எடைக் கணக்கு என்று பொழுது சாய்ந்துதான் வீட்டுக்கு வருவார். பறிப்பு ஓயும்போது உங்களுக்கும் சரியாகிறது. வருடாவருடம் அதே பருவத்தில் வரும் வேறொரு கஷ்டத்தால் சோர்வு வந்தால், அதைப் பருவகால மனச்சோர்வு என்று எழுதக் கூடாது என்பது எங்கள் பாடத்திலேயே உண்டு. உங்களுக்கு எது என்று கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டேன். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்பது என் ஊகம். 49 வயது என்பதால் மாதவிலக்கு நிற்கும் நேரத்து மாற்றங்களும் ஒரு பங்கு வகிக்கலாம்.

அதனால் முதல் வேலையாக ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தைராய்டு, ரத்தச் சோகை, சர்க்கரை, பி12. தைராய்டு குறைந்தாலும் தூக்கமும் எடையும் கூடும், குளிர் தாங்காது. மாசியில் தானாகச் சரியாகிறது என்பதால் அதுவாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் பார்க்காமல் விடக் கூடாது.

அடுத்தது களம். நாளைக் காலையிலிருந்தே தொடங்கலாம். ஏழு, ஏழரைக்குள் எழுந்து, காப்பி டம்ளரோடு களத்து மேட்டுக்குப் போய்விடுங்கள். மூட்டம் இருந்தாலும் போங்கள், அதற்காகத்தான் அந்த 6,000 கணக்கைச் சொன்னேன். ஒளி சிகிச்சையில் வழக்கமான அளவு 10,000 லக்ஸில் அரை மணி நேரம். ஆரம்ப காலத்தில் 2,500 லக்ஸில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். அந்தக் கணக்கில் மூட்டமான காலைக்கு ஒரு மணி நேரம், வெளுத்த காலைக்கு அரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். சூரியனைப் பார்க்கவே கூடாது. கண் திறந்திருந்தால் போதும், கீரை ஆய்ந்துகொண்டோ பேப்பர் படித்துக்கொண்டோ இருக்கலாம். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்றால் கண்ணைக் கட்டி லைட்டில் வைப்பார்களே, அது தோல் வழியாக வேலை செய்வது. இது கண் வழியாக. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பிரயோஜனமில்லை, சாதாரண மூக்குக்கண்ணாடி பரவாயில்லை. காதில் மப்ளரைக் கட்டிக்கொள்ளுங்கள். மழை கொட்டினால் வராந்தாவின் வெளி விளிம்பு.

ரைட்டர் வீட்டம்மா களத்தில் வந்து உட்கார்ந்தால் ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்று கூச்சம் வரும். முதல் மூன்று நாள்தான். நாலாவது நாள் தார்ப்பாயை விலக்கி, குவித்த காப்பியை விரிக்கும்போது நீங்களும் ஒரு பலகையைப் பிடித்துக் கிளறத் தொடங்கிவிடுவீர்கள். அதுவும் எனக்குச் சம்மதமே. கை கால் அசைவதும், நாலு பேரிடம் நாலு வார்த்தை பேசுவதும் இந்த நோய்க்கு மருந்துதான். அமெரிக்காவில் கெல்லி ரோஹன் என்ற உளவியலாளர், இப்படிப்பட்ட செயல்களையும் சிந்தனை மாற்றத்தையும் பழக்கும் பேச்சு சிகிச்சையை வெளிச்சப் பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அந்தக் குளிர்காலத்தில் இரண்டும் சமம். இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்த்தபோது, பேச்சு சிகிச்சை எடுத்தவர்களுக்கு நோய் திரும்பியது குறைவு.

அப்படியானால் வெளிச்சப் பெட்டி ஏமாற்றா என்றால், இல்லை. 2006-ல் கனடாவில் 96 பேரை வைத்து 8 வாரம் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு 10,000 லக்ஸ் பெட்டி, மீதிப் பேருக்கு மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளுவாக்ஸெட்டின் மாத்திரை. இரண்டு பக்கமும் 67 சதவீதம் பேருக்கு நல்ல குணம் தெரிந்தது. மாத்திரைக்குச் சமமாக வேலை செய்வதை மாத்திரை மாதிரியே அளவோடும் கவனத்தோடும் எடுக்க வேண்டும்.

இரண்டு வாரம் களத்தில் உட்கார்ந்தும் மாற்றம் இல்லை, அல்லது மழை விடவே இல்லை என்றால் பெட்டியை யோசிக்கலாம். வெள்ளை ஒளி, புற ஊதாக் கதிர் வடிகட்டப்பட்டது, 10,000 லக்ஸ் என்று போட்டிருந்தால் எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் என்றும் போட்டிருக்க வேண்டும். பெரும்பாலும் 40 முதல் 60 வரை இருக்கும். அந்தத் தூரத்தைத் தாண்டினால் வெளிச்சம் மளமளவென்று இறங்கிவிடும். சுவரோரம் வைத்துவிட்டுக் கட்டிலில் கிடந்தால் அது வெறும் விளக்கு. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 30 நிமிடம், முகத்துக்கு நேரே இல்லாமல் சற்று மேலே, சற்று ஓரமாக. சாயங்காலம் போட்டால் ராத்திரித் தூக்கம் போய்விடும். செடி வளர்க்கும் ஊதா விளக்கு, தோல் வியாதிக்கான விளக்கு இவையெல்லாம் வேறு, கிட்டவே போகாதீர்கள். வைட்டமின் டி கிடைக்கும் என்றும் நினைக்க வேண்டாம். அதற்குத் தேவையான கதிரைத்தான் வடிகட்டியிருக்கிறார்களே.

இன்னொன்று, கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230. அடாப்டரில் 100–240 என்று அச்சடித்திருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். வெறும் 120 என்று இருந்தால் போட்ட கையோடு புகைந்துவிடும்.

கண் கெடாதா என்பதற்கு: நல்ல கண்ணுக்கு முறையான பெட்டியால் கெடுதல் வராது. முதல் சில நாள் தலைவலி, கண் கூச்சம், லேசான குமட்டல் வரலாம். நேரத்தைக் குறைத்தால் அடங்கிவிடும். சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர்கள், வேறு விழித்திரை நோய் உள்ளவர்கள் கண் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. வெளிச்சத்துக்குத் தோலும் கண்ணும் கூசும்படி செய்யும் மாத்திரைகள் சில உண்டு. டாக்ஸிசைக்ளின் அதில் ஒன்று. என்ன மாத்திரை சாப்பிட்டாலும் சீட்டைக் காட்டிவிடுங்கள்.

கண்ணை விட நான் பயப்படுவது வேறொன்றுக்கு. என்றைக்காவது, குறிப்பாக மாசி பங்குனியில், மூன்று மணி நேரம் தூங்கியும் களைப்பே இல்லாமல், ஓயாமல் பேசிக்கொண்டு, கையில் காசு நிற்காமல் செலவு செய்து, "இவளுக்கு என்ன ஆச்சு" என்று வீட்டார் பார்த்த நாட்கள் உண்டா? குடும்பத்தில் யாருக்காவது? உண்டு என்றால் அது, சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருதுருவ நோயின் அடையாளமாக இருக்கலாம். காலை வெளிச்சம் அந்த நோய் உள்ளவர்களை உற்சாகத்தின் பக்கம் தள்ளிவிடக்கூடும். அம்மாபேட்டைக்காரர் ஒருவர் இப்படித்தான், உறவினர் கொடுத்த பெட்டி முன்னால் தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். பத்தாவது நாள் வீட்டு நகையை அடகு வைத்து நாலு தறி வாங்க அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, என்னிடம் வந்து அப்படி ஒரு உற்சாகமாகச் சொன்னார். அட்வான்ஸைத் திரும்ப வாங்க அவர் மனைவி பட்ட பாடு கொஞ்சமில்லை.

இத்தனைக்கும் அசையவில்லை என்றால் மாத்திரை இருக்கிறது, கூச்சப்பட ஒன்றுமில்லை. அடுத்த வருடத்துக்கு இப்போதே ஒன்று: புரட்டாசி கடைசியிலேயே களத்துக்குப் போகத் தொடங்கிவிடுங்கள். விழுந்த பிறகு எழுவதை விட அது சுலபம். ஜன்னலை மறைக்கும் ஓக் கிளைகளைக் கணவர் கழித்துக் கொடுக்கட்டும். அவர் சொன்னால் எஸ்டேட்டில் ஆள் இல்லாமலா போய்விடும்.

கடைசியாக உங்கள் மகனைப் பற்றி. ஏற்காட்டில் காலை ஏழரை என்றால், குளிர்காலத்தில் டொரண்டோவில் முந்தின நாள் இரவு 9 மணி. வேலை முடிந்து, சாப்பிட்டு, தனியாக உட்கார்ந்திருக்கும் நேரம். களத்தில் டவரும் ஓரளவு கிடைக்கும். அங்கிருந்தே வீடியோவில் கூப்பிடுங்கள். காப்பி காய்வதையும் அவனுக்குக் காட்டலாம்.

அப்போது ஒரு கேள்வி கேளுங்கள். "என்னிடம் இருப்பதையே" கொண்டுவருகிறேன் என்கிறான். அந்தப் பெட்டி அவனிடம் ஏன் இருக்கிறது? இந்த நோய் குடும்பத்தில் ஓடக்கூடியது. அம்மாவின் குரலில் இருக்கும் சோர்வை அத்தனை தூரத்திலிருந்து அடையாளம் கண்டுகொண்ட பையன், அதை எங்கே கற்றுக்கொண்டான் என்று எனக்கு யோசனையாக இருக்கிறது. அவன் நன்றாகத் தூங்குகிறானா, சாப்பிடுகிறானா என்று விசாரியுங்கள். பெட்டி வேண்டுமென்றால் உங்களுக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அவனுடையது அவனிடமே இருக்கட்டும்.